நடந்து ஏற ஒரு சின்ன மலை

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. சுற்றிலும் நெல், கரும்பு, வேர்க்கடலை. கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கும். இந்தச் சாலையின் ஒரு முனையில் முருகன் குடியிருக்கும் மலை, மறுமுனையில் யோக நரசிம்மர் குடியிருக்கும் மலை. முதல் மலைக்கு 365 படிகள், இரண்டாவது மலைக்கு 1,305 படிகள். இடைப்பட்ட தூரம் முழுக்க, வயல்களுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகளும், அவற்றைப் போர்த்திய முட்புதர்க் காடுகளும்.

மலை என்றதும் நம் ஆட்களுக்கு ஊட்டி, கொடைக்கானல், ஏலகிரி என்றுதான் பட்டியல் ஓடும். பனி இருக்க வேண்டும், கொண்டை ஊசி வளைவு இருக்க வேண்டும், அறை எடுத்துத் தங்க வேண்டும். திருத்தணி வட்டாரத்து மலைகளில் இதெல்லாம் கிடையாது. காலை டிபனுக்குள் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் விடுமுறைக்குப் போகும் மலையை ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் அதிகம். ஊருக்குப் பக்கத்து மலையை ஆறு வயதிலும் ஏறலாம், அறுபது வயதிலும் ஏறலாம், நினைத்த வாரமெல்லாம் ஏறலாம். உடம்புக்கும் மனசுக்கும் காட்டைப் பற்றிய அறிவுக்கும் இந்தச் சின்ன மலைகள் தருவது பெரிது. அவற்றை நடந்து ஏறும் பழக்கத்தையும், நடப்பதற்கான பாதையையும் கைவிடாமல் காப்பது இந்தத் தலைமுறையின் வேலை.

நாளுக்கு ஒரு படி

திருத்தணி முருகனின் ஐந்தாம் படைவீடு. சூரனை வென்ற கோபம் ஆறி முருகன் அமர்ந்த இடம் என்பது தலபுராணம். அதனால் மற்ற தலங்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் அமர்க்களப்படும்போது, இங்கே அது நடப்பதில்லை. மலர்களால் அர்ச்சனைதான். கருவறைக்கு எதிரே மற்ற முருகன் கோயில்களில் மயில் நிற்கும். இங்கே யானை நிற்கிறது, அதுவும் முருகனைப் பாராமல் கிழக்கு நோக்கி.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை. அதில் தலை முழுகிவிட்டு, ஈரத்துணியோடு படியேறுவது வழக்கம். 365 படிகளும் ஆண்டின் 365 நாட்களைக் குறிப்பவை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே ஏற்றுவார்கள். படி ஒன்றுக்கு அரையடி என்று வைத்துக்கொண்டால்கூட மொத்தம் 180 அடி உயரத்துக்கு மேல் வரும். அதாவது பதினெட்டு மாடிக் கட்டடத்தை லிஃப்ட் இல்லாமல் ஏறுவதற்குச் சமமான உழைப்பு. சாதாரண நாளில் மெதுவாக ஏறினாலும் அரைமணி நேரத்துக்குள் உச்சியில் நின்றுவிடலாம்.

வேண்டுதல்காரர்கள் அப்படி ஏறுவதில்லை. ஒவ்வொரு படியையும் தண்ணீர் விட்டுத் துடைத்து, மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்து, ஒரு பூவைக் கிள்ளிப் போட்டு, சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகிறார்கள். குனிந்து நிமிர்ந்து 365 தடவை. இடுப்பு பிடித்துக்கொள்ளும். பாதி வழியில் மஞ்சள் கிண்ணத்தைக் கூட வந்த அக்காவோ மாமியாரோ வாங்கிக்கொள்வார்கள். மேலிருந்து இறங்குகிற முகம் தெரியாத மனிதர்களும் "இதோ வந்தாச்சும்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் இன்னும் நூறு படி இருக்கும். ஆனாலும் அந்தச் சொல் கேட்டதும் கால் ஏறிவிடும்.

இந்தப் படிகளுக்கென்றே ஒரு திருவிழா இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில், ஜனவரி முதல் தேதியன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டு வாசலில் பழத்தட்டோடு போய் நிற்பது உத்தியோகஸ்தர்களின் வழக்கமாக இருந்தது. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளுக்கு இது பொறுக்கவில்லை. மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர் அவர். பிறகு துறவு பூண்டு, திருப்புகழையே மந்திரமாகக் கொண்டு ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர். துரைகளுக்கெல்லாம் துரையான தணிகைமலைத் துரையைப் புத்தாண்டில் போய்ப் பார்ப்போம் என்று அடியார்களைத் திரட்டிக்கொண்டு இந்த மலைக்கு வந்தார். 1910-களின் கடைசியில் தொடங்கிய அந்த வழக்கம் நூறாண்டைக் கடந்தும் நடக்கிறது. டிசம்பர் 31 அன்று பஜனைக் குழுக்கள் ஒவ்வொரு படியிலும் ஒரு திருப்புகழ் பாடி, படிபூஜை செய்து, மெல்ல மெல்ல மேலே போகின்றன. நள்ளிரவில் மலைமேல் புத்தாண்டு பிறக்கிறது.

மலைக்கு வாகனப் பாதை இருக்கிறது. காரும் வேனும் நேராகக் கோயில் அருகே போய்விடும். முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் அது வரம். கிருத்திகை நாட்களில் அந்தப் பாதையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேங்கி நிற்கும். படியில் நடந்து ஏறியவர் தரிசனம் முடித்துப் பிரசாதத்தோடு உட்கார்ந்திருக்கும் வேளையிலும் அந்த வண்டிகளில் சில பாதிவழியில்தான் இருக்கும்.

ஆடியில் ஒரு மலை, அயர்லாந்தில் ஒரு மலை

ஆடிக் கிருத்திகைதான் திருத்தணியின் பெருநாள். வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்தும், ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மஞ்சள் உடுத்திய கூட்டம் வந்து குவியும். புஷ்பக் காவடி, மயில் காவடி, பால்குடம். தோளில் காவடியோடு, பம்பை உடுக்கைச் சத்தத்துக்கு ஆடிக்கொண்டே படியேறுபவருக்குப் பின்னால் குடும்பமே "அரோகரா" சொல்லிக்கொண்டு வரும். மாநில எல்லை இந்த மலையைப் பிரித்ததில்லை. ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. காவடிக் கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மொழியிலும் பாடிக்கொண்டே வருகிறது.

இதே பருவத்தில், எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அயர்லாந்தின் மேற்குக் கரையில் மேயோ கோட்டத்திலும் மக்கள் ஒரு மலையை ஏறுகிறார்கள். குரோ பாட்ரிக் என்பது அதன் பெயர். 764 மீட்டர் உயரம். புனித பாட்ரிக் அதன் உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. ஜூலை மாதத்துக் கடைசி ஞாயிறு அன்று ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அவர்களில் சிலர் வெறுங்காலோடு, கூர்மையான சரளைக் கற்கள்மீது. உச்சியில் 1905-இல் கட்டிய சிறிய தேவாலயம் இருக்கிறது.

அந்த நாளுக்குப் பின்னால் இன்னொரு பழைய கதையும் உண்டு. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே அறுவடைக் காலத்தின் தொடக்கத்தில் ஐரிஷ் கிராமத்தார் தங்கள் ஊருக்குப் பக்கத்துக் குன்றின்மேல் கூடுவார்கள். மாய்ரெ மக்நீல் என்ற ஆய்வாளர் 1962-இல் வெளியிட்ட, லூனஸா என்ற அந்த அறுவடைத் தொடக்கத் திருவிழா பற்றிய நூலில், இப்படிக் கூடிய இடங்கள் ஏறக்குறைய இருநூறைப் பட்டியலிட்டிருக்கிறார். அவற்றில் பல, பெயர் பெறாத சாதாரண குன்றுகள். இளைஞர்களும் பெண்களும் கூட்டமாக ஏறி, புதர்களில் பழுத்திருக்கும் கருநீலக் காட்டுப்பழங்களைப் பறித்துத் தின்று, பாடி, ஆடி, மாலையில் இறங்குவார்கள். பல ஊர்களில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே பழத்தின் பெயர்தான்.

திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கிவிடும். அவர்கள் குன்றுக்குப் போவதும் களாக்காய்க்குத்தானே.

முட்புதருக்குள் இருக்கும் காடு

இந்த மலைகளில் வானுயர்ந்த மரங்கள் இல்லை. சித்திரை வெயிலில் பார்த்தால் காய்ந்த சுள்ளியும் கரும்பாறையுமாகத் தெரியும். "இதெல்லாம் ஒரு காடா?" என்று கேட்பவர்கள் ஆடியிலோ ஐப்பசியிலோ திரும்பி வர வேண்டும். இரண்டு நல்ல மழை போதும், குன்று முழுக்கப் பச்சை பிடித்துவிடும். இலையை உதிர்ப்பது இந்தச் செடிகள் கோடையைத் தாண்டும் வழி. இலை இல்லாவிட்டால் ஆவியாகப் போகும் நீர் குறையும். பாறை இடுக்கில் பிடித்து வைத்த ஈரத்தை வைத்தே அடுத்த மழைவரை உயிரைக் காத்துக்கொள்ளும்.

அருகே போய்ப் பார்த்தால் அந்தப் புதர் ஒரே புதராக இருக்காது. களாச் செடியின் முள் இரண்டாகப் பிரிந்திருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். வெள்ளைப் பூ மல்லிகையை நினைவூட்டும். காய் பச்சையில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ன, ஊறுகாய் போட. கறுத்துப் பழுத்தால் வாயெல்லாம் கறை பிடிக்கும் இனிப்பு. அதன் அடியில் சுண்டெலி வளை, கௌதாரி பதுங்கும் இடம். ஆடு மேய முடியாத அந்த முள்வேலிக்குள் விழுந்த வேப்பங்கொட்டையும் உசிலை விதையும் பத்திரமாக முளைத்து மேலே வரும். முள்புதர் இல்லாத இடத்தில் புதிய மரம் வருவது கடினம்.

அதைத் தாண்டினால் உசிலை, விராலி, நொச்சி, ஆவாரை, கள்ளி. பாறைச் சரிவெங்கும் தானாக முளைத்த சீத்தாப்பழ மரங்கள். பருவத்தில் கூடைகளில் சாலையோரம் விற்பனைக்கு வரும் சீத்தாப்பழத்தில் கணிசமானது இப்படிக் குன்றில் விளைந்தது. வடக்கே சித்தூர், திருப்பதி மலைத்தொடருக்குப் போனால் செம்மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக விளையாத அந்த மரத்தின் சொந்த ஊர் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குப் பகுதிதான்.

இந்தக் குன்றுகள் ஊருக்குத் தண்ணீரும் தருகின்றன. பாறையில் விழும் மழை புதரின் வேரில் தடுக்கி, மெதுவாக இறங்கி, அடிவாரத்து ஏரிக்கும் கிணற்றுக்கும் போகிறது. புதரை வழித்துவிட்டால் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே மணி நேரத்தில் ஓடிவிடும். ஏரி சீக்கிரம் தூர்ந்துவிடும்.

மூட்டும் மூச்சும்

சமதரையில் நடப்பதும் மலை ஏறுவதும் ஒன்றல்ல. ஏறும்போது ஒவ்வொரு அடிக்கும் முழு உடம்பையும் தூக்க வேண்டியிருக்கிறது. தொடை, பிட்டம், கெண்டைக்கால் தசைகள் வேலை செய்கின்றன. இதயம் வேகமெடுக்கிறது. சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தாலும் வராத வியர்வை, பத்து நிமிடப் படியேற்றத்தில் வந்துவிடும்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. வார்த்தை பாதியில் நின்று மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். திருத்தணிப் படிகளின் ஓரத்து மண்டபங்கள் இப்படி நின்று இளைப்பாறத்தான். மார்பில் அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும், வேண்டுதலை இன்னொரு நாள் முடித்துக்கொள்ளலாம்.

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது மாற்றிக்கொள்வார்கள். படி இறங்கும்போது முழங்கால் மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த வேலைதான் இரண்டு நாள் கால்வலியைக் கொடுக்கிறது. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக இறங்கினால் மூட்டு பிழைக்கும்.

நேரத்தைக் கணக்கிட மலையேறிகள் ஒரு பழைய விதியை வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்னது: சமதரை தூரத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. அவர் சொன்னது குளிர் நாட்டுக்கு. திருத்தணி தமிழ்நாட்டில் வெயில் அதிகம் பதிவாகும் ஊர்களில் ஒன்று. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே வழக்கமான செய்தி. பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் திருப்பி விடும். ஆகவே விடியற்காலையில் ஏறி, எட்டு மணிக்குள் இறங்குவதே இந்த ஊருக்குப் பொருத்தமான விதி. கார்த்திகையிலிருந்து மாசி வரை நடக்க மிக நல்ல காலம்.

1,305 படிகளும் ரோப் காரும்

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி அதே சாலையில் போனால் சோளிங்கர். வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் ஒன்று. பெரிய மலையில் யோக நரசிம்மர், எதிரே 406 படிகள் கொண்ட சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். ஆண்டு முழுக்க யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகை மாதத்தில் கண் திறந்து பார்க்கிறார் என்பது நம்பிக்கை. அந்த மாதம் படிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

1,305 படிகள் என்பது திருத்தணியைப்போல் மூன்றரை மடங்கு. இங்கே கைப்பை, கண்ணாடி, தேங்காய், வாழைப்பழம் எதுவும் வெளியே தெரியக்கூடாது. பாறைக்குப் பாறை தாவும் குரங்குக் கூட்டம் அதற்காகவே காத்திருக்கும். மனிதர்கள் பல தலைமுறையாகப் போட்ட தேங்காய்ச் சில்லும் பழமும் அவற்றுக்குக் காட்டில் இரை தேடும் பழக்கத்தைக் குறைத்துவிட்டன. குரங்குக்குத் தீனி போடாமல் ஏறுவது அவற்றுக்கும் நமக்கும் நல்லது.

நடக்க முடியாத முதியவர்களை முன்பெல்லாம் டோலியில் வைத்துத் தூக்கிப் போவார்கள். மூங்கிலில் கட்டிய இருக்கை, முன்னும் பின்னும் ஆட்கள், தோள்பட்டையில் காய்ப்பு ஏறிய மனிதர்கள். ஒரு ஆளைச் சுமந்துகொண்டு அவ்வளவு படியும் ஏறி இறங்குவது என்ன உழைப்பு என்பதை, வெறுங்கையோடு ஏறி மூச்சு வாங்குபவர்தான் சரியாக உணர முடியும். 2024-இல் சோளிங்கர் மலைக்கு ரோப் கார் வந்தது. மேலே போகவே முடியாது என்று கைவிட்டிருந்த எத்தனையோ பாட்டிகளும் மாற்றுத்திறனாளிகளும் இப்போது நரசிம்மரை நேரில் பார்க்கிறார்கள். இது பெரிய காரியம். அதே நேரம், இயலக்கூடிய கால்கள் எல்லாமே கம்பியில் தொங்கும் பெட்டிக்கு மாறிவிட்டால் படிப்பாதையைக் கவனிக்க ஆள் இருக்காது. மோர் விற்கும் அம்மா கடையைக் கட்டிவிடுவார். பெயர்ந்த படி பெயர்ந்தபடியே கிடக்கும்.

கற்கால மனிதர் ஏறிய குன்று

படியில்லாத, கோயில் கூட்டமில்லாத காட்டு நடை வேண்டும் என்பவர்களுக்கு திருத்தணி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே குடியம் இருக்கிறது. பூண்டி ஏரியைத் தாண்டி, அல்லிக்குழி மலைத்தொடரில், ஆந்திர எல்லைக்கு அருகில். ஊரிலிருந்து புதர்க்காட்டுக்குள் சில கிலோமீட்டர் நடந்தால் மலைச்சரிவில் வாய் பிளந்தாற்போல் குகைத் தாழ்வாரங்கள் வரும்.

போகும் வழியெங்கும் காலடியில் உருண்டைக் கூழாங்கற்கள். குகைக்குப் போய் அண்ணாந்து பார்த்தால் அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்துவிடும். கூரைப் பாறை முழுக்க வேர்க்கடலை உருண்டையில் கடலை பதிந்திருப்பதுபோல் கூழாங்கற்கள் பதிந்திருக்கின்றன. எப்போதோ ஓடிய நீர் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த கற்கள், மணலோடும் களிமண்ணோடும் இறுகிப் பாறையானவை. பிறகு மழையும் காற்றும் அரித்து அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே உதிர்க்கின்றன. பெரிய குகையில் ஊரார் கும்பிடும் அம்மன் இருக்கிறாள். மேலே தேனடைகள் தொங்கும். அங்கே சத்தம் போடுவதும் புகை கிளப்புவதும் ஆபத்து.

அந்தக் கூழாங்கற்கள்தான் கற்கால மனிதருக்குக் கச்சாப்பொருள். கையடக்கமான குவார்ட்சைட் கல்லை இன்னொரு கல்லால் தட்டித் தட்டி, இருபுறமும் செதில் பெயர்த்து, கூர்மையான கைக்கோடரி ஆக்கினார்கள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் மே மாதம் பல்லாவரத்திலும், சில மாதங்களில் பூண்டிக்குப் பக்கத்து அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அங்கேதான் தொடங்கியது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழ்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு, அந்தக் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்றது. குடியம் குகையை 1960-களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. பூண்டியில் தமிழகத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் இந்தக் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். அவற்றைப் பார்த்துவிட்டு மலைக்குப் போவது நல்லது. அப்போது காலடியில் கிடக்கும் கல்லைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். எடுத்து வரக்கூடாது, இருந்த இடத்தில் இருந்தால்தான் அதன் வரலாறு ஆய்வாளருக்குப் புரியும்.

குடியம் காப்புக்காட்டுக்குள் இருப்பதால் தோன்றியபடி நுழைய முடியாது. இதற்கு ஒரு துயரமான பின்னணியும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு காட்டு நடைக்கு விதிமுறைகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகளை முன்பதிவோடு திறந்தது. குடியமும் அவற்றில் ஒன்று. காட்டை ஒட்டி வாழும் பழங்குடி, கிராமத்து இளைஞர்கள் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். எந்தப் புதரில் என்ன பழம், எந்தப் பாறையடியில் பாம்பு இருக்கக்கூடும் என்பது அவர்கள் சிறுவயதிலேயே கற்ற பாடம். தீப்பிடிக்கும் பருவத்தில் பாதைகள் மூடப்படும். அந்தத் தடையை மதித்தே ஆக வேண்டும்.

காட்டுப்பாதையில் தனியாகப் போகாமல் கூட்டமாகப் போவது ஏன் என்பதற்கு, திருத்தணிக்கு வடக்கே திருமலையில் நடந்தது பாடம். 2023 ஆகஸ்டில் அலிபிரி படிப்பாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. அதன் பிறகு குழந்தைகள் ஏறும் நேரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது, பக்தர்கள் கையில் தடி கொடுத்தார்கள். படி கட்டியிருந்தாலும் காடு காடுதான். முன்னால் ஓடும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டே ஏற வேண்டும்.

பாதைக்கும் பராமரிப்பு வேண்டும்

அயர்லாந்தின் கதையில் நமக்கு எடுத்துக்கொள்ள இரண்டு செய்திகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நாட்டின் நிலப்பரப்பில் காடு ஒரு சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. நட்டு நட்டு இன்று 11 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. அரசுக் காடுகளை நிர்வகிக்கும் கொயில்டே நிறுவனம் 1989-இல் உருவானது. நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம் அதன் பொறுப்பில். அந்தக் காட்டுக் குன்றுகளில் பொதுமக்கள் நடந்து திரிய இடம் உண்டு. சிற்றூருக்குப் பக்கத்துக் குன்றிலும் திசைகாட்டும் குறிகளோடு ஒரு நடைபாதை இருப்பது அங்கே இயல்பு.

இரண்டாவது, குரோ பாட்ரிக்கின் பாதை. லட்சக்கணக்கான பாதங்கள் பட்டு அந்த மலைச்சரிவு அரித்து, கற்கள் உருண்டு, கால் உடைந்தவர்களைத் தூக்கி வர மீட்புக் குழுவினர் ஓடும் நிலை வந்தது. அண்மை ஆண்டுகளில் சிறிய குழு ஒன்று, மலையில் கிடக்கும் கற்களையே கையால் எடுத்து அடுக்கி, வழுக்காத படிகளாக்கியது. கான்கிரீட்டைக் கொண்டுபோய்க் கொட்டவில்லை.

திருத்தணி வட்டாரத்துக்குத் தேவையானவையும் இப்படிப்பட்ட சின்னக் காரியங்கள்தான். படிப்பாதையின் இருபுறமும் வேம்பும் புங்கனும் நிழல் கொடுக்க வேண்டும். வெறுங்காலில் ஏறுபவர்களுக்கு வெயில் காலத்தில் தண்ணீர் தெளித்த தென்னைநார் விரிப்பு வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. மலைப்பாதையில் அது முழுதாக நடைமுறைக்கு வர வேண்டுமானால், குடிநீர்க் குழாய் சில படிகளுக்கு ஒன்று வேலை செய்ய வேண்டும். சூடம் ஏற்றும் இடத்துக்குப் பக்கத்தில் காய்ந்த புல்லைச் சீவி வைக்க வேண்டும்.

மலைக்கு வரும் சாலையும் இதில் சேர்த்திதான். ஆடி மாதத்தில் பாதயாத்திரைக் கூட்டம் விடியும் முன்னே சாலையோரம் நடக்கிறது. அதே சாலையில் கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர் லாரிகள் பறக்கின்றன. 2025 மார்ச்சில் கே.ஜி.கண்டிகை அருகே அரசுப் பேருந்தும் டிப்பர் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தார்கள். பேருந்துக்குள் இருப்பவர்களுக்கே இந்த நிலை என்றால், தோளில் காவடியோடு இருட்டில் நடப்பவர்களைப் பற்றி யோசிக்க வேண்டும். சாலையோரத்தில் மண் தடமாவது நடப்பவர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். ஒளி பிரதிபலிக்கும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை யாத்திரைக் குழுக்கள் எல்லாமே கொண்டுவரலாம்.

பள்ளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஊருக்குப் பக்கத்துக் குன்றின் செடிகளை அடையாளம் காண ஒரு சனிக்கிழமை காலை போதும். ஆசிரியரோடு, ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, தலைக்கு ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பலாம். அந்தப் பெரியவர் காட்டும் இலையையும் அதன் பெயரையும் பயனையும் பிள்ளைகள் நோட்டில் எழுதட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன்னே குழி எடுத்து, களா, புங்கன், உசிலை நாற்றுகளை அதே பிள்ளைகள் படியோரத்திலும் அடிவாரத்திலும் நட்டால், மழையில் அவை வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் ஊரார் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். இதற்கான முடிவை அக்டோபர் 2-ஆம் தேதி கூடும் கிராம சபையிலேயே எடுத்துவிடலாம்.